நிறக்குருடும் இரவுப் பறப்பும்: பைலட் ஆக நினைக்கிற யாழ்ப்பாணப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. 2019 ஒக்டோபரில் பலாலியில் சென்னை விமானம் வந்து இறங்கியதிலிருந்து, "பைலட்டுக்குப் படிக்கலாமா, கண் சரியா பாருங்கோ" என்று வருகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வடிவாகப் பிரிந்து தெரிவதில்லை. அந்தப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் கேட்பதையும், நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இறுதி முடிவு என் கையில் இல்லை. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவப் பரிசோதகர்தான் கையெழுத்துப் போடுவார்.

மகனுக்குப் புள்ளிப் புத்தகத்தில் எண் தெரியவில்லை. பைலட் கனவு அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. ஒன்றும் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

புள்ளிப் புத்தகம் என்று நீங்கள் சொல்வது இஷிஹாரா தட்டுகள். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் 1917இல் வெளியிட்டது. முழுப் பதிப்பில் 38 தட்டுகள் உண்டு. 24, 14 தட்டுகள் உள்ள சிறிய பதிப்புகளும் இருக்கின்றன. முதல் தட்டில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும், நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியும். பிள்ளைக்குக் கேள்வி விளங்கியதா, வேண்டுமென்றே தெரியாது என்கிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தட்டு.

சுவாரசியம் அடுத்த தட்டுகளில் இருக்கிறது. நாம் 8 என்று வாசிக்கிற இடத்தில் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ள பிள்ளை 3 என்று வாசிக்கும். நமக்கு 29, அவனுக்கு 70. அதுவும் தயங்கித் தயங்கி இல்லை, சட்டென்று சொல்வான். பக்கத்தில் நிற்கிற தாய் "எங்க ராசா எழுபது இருக்கு?" என்று புத்தகத்துக்குள் குனிவார். பிள்ளை பிழையாக வாசிக்கவில்லை. அவன் கண்ணுக்கு அங்கே உண்மையாகவே 70தான் இருக்கிறது.

இந்தப் புத்தகம் மிகவும் லேசான குறைபாட்டையும் பிடித்துவிடும். ஆனால் குறைபாடு எவ்வளவு என்று அளந்து சொல்லாது. அதனால் இதில் தவறியவருக்கு அடுத்த கட்டச் சோதனைகள் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நிறக்குருடு என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளையாகவா தெரியும்?

இல்லை. அப்படித் தெரிகிறவர்கள் மிக மிக அரிது.

நிறம் பார்க்க விழித்திரையில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. நீண்ட அலை ஒளிக்கு ஒன்று, நடு அலைக்கு ஒன்று, குறுகிய அலைக்கு ஒன்று. இவற்றில் ஒரு வகை இல்லாமல் போகலாம், அல்லது இருந்தும் அதன் உணர்திறன் பக்கத்து வகையோடு நெருங்கிக் கிடக்கலாம். நீண்ட அலைக் கூம்பில் கோளாறு என்றால் புரோட்டான், நடு அலைக் கூம்பில் என்றால் டியூட்டான். கூடுதலாகக் காண்பது டியூட்டான். நீலம்-மஞ்சள் குழம்புகிற டிரைட்டான் வகை அபூர்வம்.

புரோட்டானும் டியூட்டானும் சிவப்பு-பச்சைக் குழப்பம்தான். ஆனாலும் பறப்புக்கு வரும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. புரோட்டானுக்குச் சிவப்பு இருண்டு தெரியும். தோட்டத்தில் மிளகாய் ஆயும்போது இதைப் பார்க்கலாம். பழுத்த மிளகாய் நமக்குப் பாத்தியின் அந்தத் தலைப்பிலிருந்தே பளிச்சென்று தெரியும். புரோட்டான் உள்ள பெடியன் செடியை விலக்கி, காயின் வடிவத்தையும் மினுக்கத்தையும் பார்த்துத்தான் ஆய்வான். பக்கத்தில் ஆய்கிற தங்கச்சி கடகத்தை நிரப்பியிருப்பாள், அவன் கடகம் அரைவாசியில் நிற்கும். வீட்டில் "சோம்பேறி" என்று பேச்சு வேறு விழும். இதே பெடியன் இரவில் தூரத்துச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிறம் குழம்புவது மட்டும் இல்லை, விளக்கே பிந்தித்தான் கண்ணில் படும். டியூட்டானுக்கு விளக்கு நம்மைப்போலவே தெரியும், நிறம்தான் குழம்பும்.

இது யாரிடமிருந்து வந்தது? தகப்பனுக்கு ஒன்றும் இல்லையே.

தகப்பனைக் குற்றம் சொல்லாதீர்கள். சிவப்பு-பச்சைக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து. தகப்பன் கொடுப்பது வை குரோமோசோம். எனவே அம்மப்பாவையும் தாய்மாமனையும் கேட்டுப் பாருங்கள். "தம்பி சின்னனில மரத்துக்கு மண்ணிறமும் இலைக்குச் சிவப்பும் அடிச்சு வாத்தியாரிட்ட அடி வாங்கினவன்" என்று யாராவது ஒரு கதை சொல்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இரண்டு எக்ஸும் பழுதாக இருந்தால்தான் வரும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நமக்குள் மச்சாள் முறையில் கல்யாணம் செய்கிற வழக்கம் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைபாடு உள்ள ஒருவர், அதே குறைபாடு உள்ள தாய்மாமனின் மகளைக் கட்டினால், அந்தப் பெண் நிச்சயம் மரபணுவைக் காவுகிறவர். அவர்களுக்குப் பிறக்கிற பெண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மகள் பைலட் ஆக ஆசைப்பட்டால் "பொம்பிளைப் பிள்ளைக்கு இது வராது" என்று சோதிக்காமல் விடாதீர்கள்.

நிறக்குருடும் மாலைக்கண்ணும் ஒன்றா? இரவில் பறக்கக் கூடாது என்பது அதனாலா?

இரண்டும் வேறு. மாலைக்கண் என்பது மங்கல் வெளிச்சத்தில் பார்வையே குறைவது. அது கோல் கலங்களின் பிரச்சினை. விற்றமின் ஏ குறைந்தாலும் வரும், சில பரம்பரை நோய்களாலும் வரும். நிறக்குருடு உள்ளவருக்கு இருட்டில் பார்வை மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். அவருக்கு இரவுப் பறப்பு மறுக்கப்படுவதற்குக் காரணம் இருட்டு இல்லை, இருட்டில் எரிகிற விளக்குகளின் நிறம்.

பகலில் பறக்கலாம், இரவில் கூடாது என்பது என்ன நியாயம்?

முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பகலில் விமானிக்கு நிறம் என்பது உதவிக்கு இருக்கிற ஒரு தகவல். ஓடுபாதை நீளமாகக் கிடக்கிறது, அதன் முனையில் எண் எழுதியிருக்கிறது, எதிரே வருகிற விமானத்தின் மூக்கும் வாலும் தெரிகின்றன. நிறம் குழம்பினாலும் வடிவம், இடம், எழுத்து எல்லாம் கைகொடுக்கும். இரவில் இவை எல்லாம் போய், கறுப்புப் பரப்பில் வெறும் விளக்குப் புள்ளிகள் மிஞ்சும். எந்தப் புள்ளி எது என்று சொல்வது பெரும்பாலும் நிறம்தான்.

ஓடுபாதையின் இரு ஓரமும் வெள்ளை. கருவிகளை நம்பி இறங்குகிற ஓடுபாதைகளில் கடைசி 600 மீற்றர் ஓர விளக்குகள் மஞ்சளாக மாறும், பாதை முடியப் போகிறது என்ற எச்சரிக்கை அது. இறங்குகிற முனையில் பச்சை, முடிகிற முனையில் சிவப்பு. நடுக்கோட்டு விளக்கு இருக்கிற பெரிய விமான நிலையங்களில் அதற்கும் ஒரு கணக்கு உண்டு: முடிவுக்கு 900 மீற்றர் இருக்கும்போது சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும், கடைசி 300 மீற்றர் முழுச் சிவப்பு. இறங்கி வெளியே திரும்பினால், விமானம் தரையில் ஊர்ந்து போகிற சாலையின் ஓரம் நீலம், நடுக்கோடு பச்சை.

அடுத்தது விமானத்தின் சொந்த விளக்குகள். இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை. மயிலிட்டியிலோ பருத்தித்துறையிலோ தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பலிலும் அதே முறைதான், விமானம் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. இருட்டில் பச்சை இடப்பக்கமும் சிவப்பு வலப்பக்கமுமாக இரண்டு விளக்குகள் தெரிந்தால் ஒரு விமானம் நேரே உங்களை நோக்கி வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்களுக்கு முன்னால் வலமிருந்து இடமாகக் கடக்கிறது. நிறம் தெரியாதவருக்கு அது வெறும் ஒரு புள்ளி. வருகிறதா போகிறதா என்று சொல்ல நேரம் எடுக்கும், அந்த நேரம் வானத்தில் கிடைக்காது.

"வெளிச்சத்தின் அளவை வைத்துக் கண்டுபிடிப்பேனே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்றாட வாழ்க்கையில் அவர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இரவில் ஒரு விளக்கின் பிரகாசம் தூரத்தோடும், பனிமூட்டத்தோடும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கிறவர் விளக்கைக் கூட்டிக் குறைப்பதோடும் மாறிக்கொண்டே இருக்கும். அதோடு விளக்கு சின்னப் புள்ளியாக இருக்கும்போது நல்ல நிறப்பார்வை உள்ளவருக்கே நிறம் பிரிப்பது கடினம்.

பாப்பி விளக்கு என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

ஓடுபாதையின் பக்கத்தில், வழக்கமாக இடது பக்கம், வரிசையாக நான்கு விளக்குகள். மேலே இருந்து பார்த்தால் வெள்ளை, கீழே இருந்து பார்த்தால் சிவப்பு. நான்கும் சற்றே வெவ்வேறு கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். சரியான சரிவில், பொதுவாக 3 பாகையில், இறங்கி வந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. நான்கும் வெள்ளை என்றால் மிக உயரத்தில் இருக்கிறீர்கள். மூன்று சிவப்பு என்றால் கொஞ்சம் தாழ்வு. நான்கும் சிவப்பு என்றால் மிகவும் தாழ்வு, உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

நிறக்குருடு உள்ளவருக்கு இதில்தான் உண்மையான ஆபத்து. நான்கு விளக்குகளும் ஒரே வடிவம், ஒரே வரிசை. தகவல் முழுக்க நிறத்தில் மட்டும் இருக்கிறது. வீதிச் சிக்னல் விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தை வைத்துச் சமாளிக்கலாம், இங்கே அது நடக்காது. கடல் பக்கமாக இரவில் ஓடுபாதைக்கு வரும்போது கீழே ஒரு வெளிச்சமும் இருக்காது. அந்த இருட்டில், இருக்கிற உயரத்தைவிடக் கூடுதலான உயரத்தில் இருப்பதாக மூளை நினைத்து விமானத்தைத் தாழ்த்தச் சொல்லும். அது எல்லா விமானிகளுக்கும் வருகிற மாயை. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல இருக்கிற சாட்சிகளில் ஒன்று இந்த நான்கு விளக்குகள்.

இதனால் உண்மையாக விபத்து நடந்திருக்கிறதா, சும்மா பயமுறுத்துகிறார்களா?

நடந்திருக்கிறது. 2002 ஜூலை 26, விடியும் முன் இருட்டு. பெடெக்ஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம், போயிங் 727, அமெரிக்காவின் மெம்பிஸிலிருந்து புளோரிடாவின் டலஹாசிக்கு வந்தது. ஓடுபாதைக்கு முன்னாலேயே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் பலத்த காயங்களோடு தப்பினார்கள். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் முதல் அதிகாரி, அதாவது துணை விமானி. அவருக்குப் பிறவியிலேயே கடுமையான டியூட்டான் வகைக் குறைபாடு. பாப்பி விளக்குகள் தாழ்வு, மிகத் தாழ்வு என்று காட்டிக்கொண்டிருந்தும் இறக்கம் தொடர்ந்தது.

அமெரிக்க விசாரணைச் சபை அவருடைய நிறப்பார்வையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. விமானிகளின் களைப்பு, நிறுவனத்தின் நடைமுறையைப் பின்பற்றாதது, இறங்கி வருவதைச் சரியாகக் கண்காணிக்காதது ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதையும் பங்களித்த காரணமாக எழுதியது. மற்ற இருவருக்கும் நிறம் தெரியும், அவர்களும் தாழ்ந்து போவதைக் கவனிக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அதனால் இந்த விபத்தை வைத்து "பார்த்தீர்களா" என்று மிரட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொன்று: அந்த முதல் அதிகாரி திருட்டுத்தனமாக உள்ளே வந்தவர் இல்லை. முன்பு, சின்ன விளக்குகளைக் காட்டி நிறம் கேட்கிற லாந்தர் சோதனை ஒன்றில் சித்தியடைந்து, முறைப்படி விலக்கு வாங்கிப் பறந்தவர். பழைய சோதனைகள் போதுமா என்ற கேள்வியைப் பெரிதாக்கியது அதுதான்.

ரேடியோ இருக்கிற காலத்தில் கோபுரத்திலிருந்து விளக்குக் காட்டுவார்களா?

ரேடியோ பழுதானால் காட்டுவார்கள். இன்றும் அது சர்வதேச விதிகளில் இருக்கிறது. பறக்கிற விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மினுங்குகிற சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. சாதாரண நாளில் தேவைப்படாது. தேவைப்படுகிற நாள் நல்ல நாளாக இருக்காது.

விதி என்ன சொல்கிறது? இலங்கையில் எப்படி?

அடிப்படை விதி ஐகாவோ என்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் இருக்கிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு, இங்குள்ள அதிகாரசபை அந்த அடிப்படையில்தான் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கிறது. பணியைப் பாதுகாப்பாகச் செய்யத் தேவையான நிறங்களைத் தயக்கமில்லாமல் காண முடிய வேண்டும் என்பதே விதியின் சாரம். முதலில் புள்ளித் தட்டுகள். அதில் தவறினாலும், பறப்பில் பயன்படுகிற நிறங்களைப் பிரித்தறியவும், நிற விளக்குகளைச் சரியாகச் சொல்லவும் முடியும் என்று வேறு சோதனையில் காட்டினால் தகுதி கொடுக்கலாம்.

அதிலும் தவறினால்? முதலாம் வகுப்புச் சான்றிதழ், அதாவது சம்பளத்துக்குப் பறக்கிற வணிக விமானிக்குரியது, கிடைக்காது. இரண்டாம் வகுப்பு, அதாவது தனியார் விமானிக்குரியது, பகல் நேரத்தில் வெளியே பார்த்துப் பறப்பதற்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு கிடைக்கலாம். "இரவில் கூடாது" என்று ஊரில் கதைக்கிறார்களே, அது இந்தக் கட்டுப்பாடுதான். சம்பளத்துக்குப் பறக்கிறவருக்கு அப்படி ஒரு அரைவாசிச் சலுகை இந்த விதியில் இல்லை.

எத்தனை மணிக்குப் பிறகு இரவு என்று கணக்கு?

கடிகாரக் கணக்கு இல்லை. சூரியனின் மையம் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போனதும் இரவு தொடங்கும், காலையில் அதே 6 பாகைக்கு வரும்போது முடியும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே சூரியன் மறைந்து 20 நிமிடம், கொஞ்சம் கூட, அவ்வளவில் இரவு வந்துவிடும். லண்டனிலோ கனடாவிலோ பயிற்சி எடுக்கிற நம் பிள்ளைகளுக்குக் கோடைகாலத்தில் அந்தி நீண்டுகொண்டே போகும்.

இரவுப் பறப்பு இல்லாமலே வேலைக்குப் போக முடியாதா?

விமான நிறுவன வேலைக்கு முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விமானத்தின் தலைமை விமானிக்கு வேண்டிய உச்ச உரிமத்துக்கு ஐகாவோ 1500 மணிநேரப் பறப்புக் கேட்கிறது, அதில் 100 மணிநேரம் இரவில். வணிக விமானி உரிமத்தில் இரவிலும் பறக்க வேண்டுமென்றால் 5 மணிநேர இரவுப் பறப்பு, அதில் தானே பொறுப்பாக நின்று 5 ஏற்றமும் 5 இறக்கமும். கணக்கை விட்டாலும், கட்டுநாயக்காவுக்கு வந்து போகிற விமானங்களின் நேர அட்டவணையைப் பாருங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் எத்தனை விமானங்கள்! பகலில் மட்டும் வருகிறேன் என்கிற விமானியை எந்த நிறுவனமும் எடுக்காது.

புள்ளிப் புத்தகத்தில் தவறினால் அடுத்து என்ன சோதனை?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பழைய முறை லாந்தர்: இருட்டறையில் சின்னச் சின்ன நிற விளக்குகளைச் சோடியாகக் காட்டி நிறம் சொல்லச் சொல்வார்கள். ஹோம்ஸ்-ரைட், பார்ன்ஸ்வேர்த், ஸ்பெக்ட்ரோலக்ஸ் என்று பல வகை. இன்னொன்று அனோமலோஸ்கோப். ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் சிவப்பையும் பச்சையையும் கலந்து அதே மஞ்சளைச் செய்ய வேண்டும். எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை சேர்க்கிறீர்கள் என்பதிலிருந்து புரோட்டானா டியூட்டானா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். பழையதானாலும் வகை பிரிக்க அதைப்போல் ஒன்றில்லை என்பது என் எண்ணம்.

இப்போது பெயர் அடிபடுவது லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவான கேட் (CAD) சோதனை, கணினியில் செய்வது. திரையில் நிறச் சதுரம் ஒன்று நகரும், எந்தப் பக்கம் போகிறது என்று பொத்தானை அழுத்த வேண்டும். பின்னணியின் பிரகாசம் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருப்பதால் வெளிச்சத்தை வைத்து ஊகிக்க முடியாது, நிறம் தெரிந்தால்தான் விடை தெரியும். முடிவு எண்ணாக வரும். டியூட்டான் என்றால் 6 அலகுக்குக் கீழும், புரோட்டான் என்றால் 12 அலகுக்குக் கீழும் இருந்தால் பறக்கத் தகுதி என்று வரம்பு வைத்தார்கள். சாதாரண நிறப்பார்வை உள்ளவரைப் போலவே பாப்பி விளக்குகளை வாசிக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் அந்த வரம்பு வந்தது. இஷிஹாராவில் தவறிய எத்தனையோ பேர் இதில் சித்தியடைகிறார்கள். அதனால்தான் தொடக்கத்திலேயே கனவு முடிந்தது என்று சொல்லவில்லை.

வெளிநாட்டில் விதி இலகுவாமே?

சில இடத்தில் இலகு, சில இடத்தில் இறுக்கம்.

அமெரிக்காவில் நெடுங்காலம் இந்தக் குறைபாட்டுக்கு "இரவுப் பறப்புக்கும் நிறச் சமிக்ஞைக் கட்டுப்பாட்டுக்கும் செல்லாது" என்று சான்றிதழில் எழுதிவிடுவார்கள். பிறகு விளக்குச் சமிக்ஞைச் சோதனை, பறப்புச் சோதனை செய்து அந்த வரியை நீக்கிக்கொள்ளலாம். 2025 ஜனவரி முதல் புதிதாக வருகிறவர்களுக்குக் கணினிச் சோதனை கட்டாயம். தவறினால் பகல் பறப்பு மட்டும். ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு இது பொருந்தாது. எனவே அங்கே இருக்கிற மாமாவோ சித்தப்பாவோ "நான் அந்தக் காலத்தில் லைட் பார்த்துப் பாஸ் பண்ணினேன்" என்று சொன்னால், அது அவருடைய காலம்.

ஐரோப்பாவில் 24 தட்டுப் பதிப்பின் முதல் 15 தட்டுகளைப் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலதிகச் சோதனை. அதிலும் தவறினால் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பகலுக்கு மட்டும்.

அவுஸ்திரேலியாதான் விதிவிலக்கு. ஆதர் பேப் என்ற வைத்தியர், தானும் நிறக்குறைபாடு உள்ளவர், இந்த விதியை எதிர்த்து வழக்காடினார். 1989இல் டெனிசன் என்பவரின் வழக்கில் அங்குள்ள நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்ன பிறகு, குறைபாடு உள்ளவர்கள் இரவிலும் பறக்க வழி திறந்தது. வணிக விமானிகளாகவும் பலர் பறந்திருக்கிறார்கள். பின்னர் அங்கேயும் விமானத்தில் ஏற்றி, நடைமுறையில் செய்ய முடிகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று வந்தது. எனக்குப் பிடித்த முறை அது. புள்ளியைக் காட்டுவதைவிட, பறக்க விட்டுப் பார்ப்பது நேர்மையானது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நாட்டின் சான்றிதழ் மற்ற நாட்டில் அப்படியே செல்லாது. அங்கே உரிமம் எடுத்து வந்து இங்கே பறக்க வேண்டுமென்றால் இங்குள்ள மருத்துவத்தையும் தாண்ட வேண்டும்.

அண்ணா, தட்டுகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் என்ன?

போகலாம், தம்பி. தட்டுகளின் வரிசையை மாற்றிக் காட்டுவார்கள், எண்ணுக்குப் பதிலாக வளைந்த கோட்டை விரலால் தடவிக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் விரலை எங்கே வைக்கிறீர்கள் என்றே பார்ப்பவருக்கு விளங்கிவிடும். அப்படியே தாண்டினாலும் முன்னே சொன்ன நான்கு விளக்குகள் மனப்பாடத்துக்கு அடங்காது.

சிவப்புக் கண்ணாடி, நிறம் காட்டுகிற லென்ஸ் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அந்தக் கண்ணாடிகள் சில அலைகளை வடிகட்டி, குழம்புகிற இரண்டு நிறங்களுக்கு இடையில் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும். இல்லாத கூம்பைக் கொண்டு வராது. ஒரு இடத்தில் கூட்டினால் இன்னொரு இடத்தில் குறையும், இரவில் வருகிற வெளிச்சத்தையும் தின்றுவிடும். விமான மருத்துவத்தில் இவற்றைப் போட்டுச் சோதனை எழுத விடமாட்டார்கள். விற்கிறவர்கள் காட்டுகிற வீடியோவில் அழுகிற ஆட்களை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். விமானிக்கு வெயில் கண்ணாடி வேண்டுமென்றால் சாம்பல் நிறத்தில், போலரைஸ்ட் இல்லாததாக வாங்கச் சொல்வேன்.

பிறகு வர வாய்ப்பு உண்டா? இப்போது சரியாகத்தான் இருக்கிறது.

பிறவிக் குறைபாடு வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் இருக்கும், கூடாது, குறையாது. பிறகு வருவது வேறு வகை. கண் அழுத்த நோய், கண்புரை, நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு, பார்வை நரம்பு அழற்சி இவற்றில் நிறப்பார்வை கெடலாம். காசநோய்க்குக் கொடுக்கிற எதாம்பியூட்டோல் மருந்தும் பார்வை நரம்பைத் தாக்கலாம்; அதை எடுக்கிறவர்களுக்கு நிறப்பார்வையைச் சோதித்துப் பார்ப்பது அதனால்தான். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளிறித் தெரிகிறது என்றால் பைலட் கதையை விட்டுவிட்டு யாழ் போதனா வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அன்றைக்கே.

பைலட் சரிவராவிட்டால் விமானத் துறையில் வேறு என்ன?

வானூர்திப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கும் நிறப்பார்வை கேட்பார்கள், மூன்றாம் வகுப்பு மருத்துவத்தில் அதுவும் உண்டு. விமானப் பொறியியலில் வயர்களின் நிறம் சில இடத்தில் தொல்லை தரும். வடிவமைப்பு, பறப்புத் திட்டமிடல், சரக்கு, நிலையப் பராமரிப்பு போன்றவற்றில் பெரிய தடை இல்லை. பகலில் மட்டும் சொந்தச் சந்தோசத்துக்குப் பறக்கிற தனியார் உரிமமும் இருக்கிறது, காசு இருந்தால்.

எப்போது சோதிக்க வேண்டும்? என்ன கேட்டு வாங்க வேண்டும்?

சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்ய முன்பு. கட்டாயம், பயிற்சிப் பள்ளிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பு. முற்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெடிக்கல் பற்றி மூன்றாம் மாதம் கதைத்த ஒரு பயிற்சி நிலையம் எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அந்தப் பிள்ளையின் காசு இன்னும் திரும்பவில்லை. பயிற்சிப் பள்ளிகள் கூடுதலாக இரத்மலானைப் பக்கம். அங்கே போய் அறை எடுத்து நின்ற பிறகு கண்ணில் குறை தெரிந்தால் செலவு இலட்சங்களில் நிற்கும். முதலில் முதலாம் வகுப்பு மருத்துவம், பிறகு காசு.

சோதனையை மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் செய்யவே கூடாது. மஞ்சள் வெளிச்சம் தட்டின் நிறங்களை மாற்றிவிடும், சில பிள்ளைகள் அதில் தப்பியும் விடுவார்கள். சன்னலோரப் பகல் வெளிச்சம், அல்லது பகல் ஒளிக்குச் சமமான விளக்கு வேண்டும். நேர் வெயில் படக் கூடாது, தட்டை விரலால் தொடக் கூடாது, பழசாகி வெளிறிய புத்தகமும் கூடாது. ஃபோன் திரையில் பார்த்து முடிவெடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, திரைக்குத் திரை நிறம் வேறு.

அறிக்கையில் "நிறக்குருடு" என்று ஒற்றைச் சொல் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பதிப்பு, எத்தனை தட்டுக் காட்டினார்கள், எத்தனை பிழை, புரோட்டானா டியூட்டானா, எந்த வெளிச்சத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். கொழும்பில் மேலதிகச் சோதனைக்குப் போகும்போது அந்தத் தாள்தான் உதவும்.